கழுத்துக்கு வேலை வந்தால்

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவனிடம் எல்லோரும் நெஞ்சைக் காட்டுவார்கள். அவன் கண்ணோ கழுத்தின் மேலேயே இருக்கும். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி நிற்கும் அன்பர்களே, உங்கள் கழுத்தின் மேலும்தான்.

தோள் தூக்கும் படலம்

வளைகுடாவில் பிசியோதெரபிஸ்டாக இருந்துவிட்டு நெய்வேலிக்குத் திரும்பி கிளினிக் போட்டேன். ஏழுமலை வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. "மூச்சை இழுங்க" என்றேன். வயிறு அசையவில்லை, தோள் இரண்டும் காதுவரை ஏறின. கூட வந்த மனைவி அஞ்சலை சொன்னார்: "வூட்லயும் இப்டித்தான் சார், தோள தூக்கிக்கினு நிப்பாரு. சண்டைக்கு வராருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

பர்மனென்டும் கான்ட்ராக்டும்

நான் படித்தது ஆங்கிலத்தில். ஏழுமலைக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே! நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் பர்மனென்ட் ஆள் என்றேன். விலா எலும்புகளுக்கு இடையே இருக்கிற தசைகள் அதற்குக் கூட்டாளி. கழுத்துத் தசைகள் கான்ட்ராக்ட். மூச்சு முட்டும்போது வந்து மேல் விலாவையும் மார்பெலும்பையும் தூக்கிக் கொடுக்கும். ஏழுமலை கழுத்தைத் தடவிக்கொண்டார். "அப்ப பர்மனென்ட் படுத்துட்டா எங்க ஆளுங்கதான் இழுக்கணும். இங்கயும் அதே கதையா சார்?"

அடங்கிய கழுத்து

ஒரு நாள் காலையில் அஞ்சலை போன் செய்தார். ஓடினேன். ஏழுமலை கட்டில் விளிம்பில், கைகளை முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். கழுத்துத் தசைகள் கயிறாகப் புடைத்திருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போனது. இன்ஹேலருக்கும் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேன்றாரு சார். கான்ட்ராக்ட் ஆளுங்க எறங்கிட்டாங்க, சரியாப் பூடும்னு சொல்றாரு!"

கான்ட்ராக்ட் ஆட்கள் வருவார்கள் என்று சொன்ன நான், அவர்களும் களைத்துப்போவார்கள் என்று சொல்லவில்லை. பேச்சுக் கொடுக்காமல் ஆட்டோவில் ஏற்றினேன். டவுன்ஷிப்பில் இரண்டு பிளாக் தாண்டுவதற்குள் கழுத்தின் இழுப்பு குறைந்தது. அஞ்சலை முகம் தெளிந்தது. "அடங்கிக்கினு வருது சார்."

ஆட்டோக்காரரை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னேன். மூச்சு சீராகி அடங்கவில்லை, தசை ஓய்ந்து அடங்குகிறது. ஏழுமலைக்குக் கண் சொருகியது. "தூங்காதீங்க!" என்று கன்னத்தில் தட்டினேன். ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

எமர்ஜென்சி கதவு மூடிக்கொண்டது. மாலை வெயில் சுவர் உச்சிக்கு ஏறிய பிறகுதான் நர்ஸ் வந்து, "கண் முழிச்சிட்டாரு" என்றார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சார், இனிமே அவருகிட்ட ஒவம கிவமயெல்லாம் வேணாம். கழுத்து இழுத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுய்யான்னு சொல்லுங்க, போதும்."

இப்போது அதை மட்டும்தான் சொல்கிறேன். மூச்சு முட்டுகிறவரிடம் உவமை சொல்வது, சொல்கிறவனுக்கு வேண்டுமானால் நல்ல மூச்சுப் பயிற்சி.