திரையில் வெடித்த சமையலறை

அம்பத்தூரில் எங்கள் தொழிற்சாலையில் ஒருநாள் அவசரகாலப் பயிற்சி என்றார்கள். போய்ப் பார்த்தால் ஒரு பழைய கணினியும் வீடியோ கேம் கைப்பிடியும்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

திரையில் ஒரு சமையலறை. சிலிண்டர் கசிகிறது என்றார் பயிற்சி தந்த பெண். நாற்றம் போகட்டுமென்று எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சை அழுத்தினேன். திரை முழுக்க நெருப்பு.

“மாமே, நீ காலி!” என்று கூட வேலை செய்பவன் கைதட்டினான்.

“சுவிட்சுல வர்ற சின்னப் பொறி போதும் சார்,” என்றார் அந்தப் பெண்.

போன மாதம் பாரிவாக்கத்தில் என் வீட்டுச் சமையலறையில் நிஜமாகவே கேஸ் நாற்றம். பழக்கத்தில் சுவிட்ச் வரை போன விரல் அப்படியே நின்றது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தேன். நான் சிரித்த அந்தக் கணினியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“இன்னாங்க, ஃபேனைப் போடாம ஜன்னலைத் தொறக்குறீங்க?” என்றாள் மனைவி, இடுப்பில் குழந்தையோடு.

“ஏற்கெனவே ஒருவாட்டி செத்துக்கீறேன்மா,” என்றேன்.