எண்ணெய் மேலே ஏறவில்லை

என் கணவர் குலை லோரி ஓட்டியவர். தோட்டத்தில் வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டு போவதுதான் வேலை. நாளெல்லாம் வண்டியோடு கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மனுஷன் சும்மா உட்காரமாட்டார். எங்கள் பழைய காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அந்த நேரம் பார்த்து நான் துணி காயப்போட வெளியே வந்தேனோ, தொலைந்தேன். பாடம் ஆரம்பித்துவிடும்.

“இங்க பாரு. அடியில ஒரு தொட்டி இருக்கு. மின்யாக் ஹீத்தாம், அதான் எஞ்சினுக்கு ஊத்துற எண்ணெய், அங்கதான் கெடக்கும். எஞ்சின் சுத்துனா ஒரு பம்ப் அதை உறிஞ்சி, பில்டர்ல அழுக்கை வடிகட்டி, உள்ள ஓடுற சின்னச் சின்ன ஓட்டை வழியா தள்ளிவிடும். மொதல்ல கீழ சுத்துற தண்டுக்குப் போவும். அப்பறம் மேல, தலைக்கு ஏறும். அங்கேருந்து தன்னால வடிஞ்சி மறுபடி தொட்டிக்கே வந்துரும்.”

“சரி, வந்துரட்டும். சாப்பிட வாங்க.”

“இரும்பும் இரும்பும் தொடவே கூடாதுடி. ரெண்டுக்கும் நடுவுல எண்ணெய் ஒரு தோலு மாதிரி நிக்கணும். தோசைக்கல்லுல எண்ணெய் தடவாம மாவை ஊத்துனா என்னா ஆவும்?”

“எனக்கு இதெல்லாம் தெரிஞ்சி என்னா ஆவப்போவுது லா. நானா ஓட்டப்போறேன்?”

ஓட்டத்தான் வேண்டியிருந்தது. போன ஆயுத பூசை முடிந்து சில வாரங்களில் அவருக்கு வாதம் அடித்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ‘ஆ’ என்ற ஒரு சத்தம் மட்டும் மிச்சம். அன்றிலிருந்து கெர்லிங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கோலா குபு பாரு ஆஸ்பத்திரிக்கு அவரை ஏற்றிக்கொண்டு போவதும் இறக்குவதும் நான்தான். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, டயாப்பர் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது. இடுப்பு விட்டுப் போகும். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது, அலுப்புதான் வரும். சில நாள் அவர் முகத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு வாரம் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டாக்டர், “புரியலாம், போகப்போகத் தெரியும்” என்றார். தலையாட்டச் சொன்னால் சில சமயம் ஆட்டுவார், பல சமயம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார். நாளாக ஆக, புரியவில்லை என்றே வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாகவும் இருந்தது.

அவருடைய அக்கா, என் அண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. நம்மாளுங்கதான் நடத்துறாங்க. கொண்டுபோய் விட்டுரு. அவனுக்கு என்னா தெரியப்போவுது? எங்க போட்டாலும் கெடப்பான். இவனைப் பாத்துப் பாத்து நீயும் படுத்துறாதே.”

“ஆமா அண்ணி,” என்றேன். “கட்டைதானே இப்ப. எங்க கெடந்தா என்னா.”

அடுத்த வாரமே இல்லத்தைப் பார்க்கப் போவது என்று முடிவாயிற்று. பிடித்திருந்தால் அன்றைக்கே அவரை அங்கே விட்டுவிடலாம். அவருடைய துணிமணிகளைப் பையில் வைத்துப் பின் இருக்கையில் போட்டேன்.

புறப்பட்டுப் பாதி தூரம் வரை ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் சாலை, வெயில். குளிர்சாதனத்தைப் போட்டிருந்தேன். திடீரென்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ‘ஆ, ஆ’ என்று ஆரம்பித்தார்.

“என்னா?”

இடது கையால் கதவைத் தட்டினார்.

“ஒண்ணுக்கா? டயாப்பர் போட்டிருக்கில்ல, போங்க.”

நிறுத்தவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “கடவுளே, இன்னிக்கு ஒரு நாளாவது நிம்மதியா வரமாட்டீங்களா?” என்று கத்தினேன். பேச்சு வராத மனுஷனோடு சண்டை போடுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். கடைசியில் தோட்டத்துப் பாதை பிரிகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைக்கவில்லை. வெயிலில் அணைத்தால் உள்ளே வெந்துவிடுவோம்.

அவர் பெல்ட்டை இழுத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். விழுகிறார் என்று நினைத்துத் தோளைப் பிடித்தேன். விழவில்லை. இடது கட்டைவிரலை வாயில் வைத்து எச்சில் தொட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற மீட்டர் கண்ணாடிக்குக் கொண்டு போனார். அதன் கீழ்மூலையில் ஒரு பொட்டு இருந்தது. ஆயுத பூசையன்று வண்டியைக் கழுவி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனமும் குங்குமமும் குழைத்து அவரே வைத்தது. வெளியே வைத்ததெல்லாம் மழையில் போய்விட்டது. இது மட்டும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பூசைப் பொட்டை எங்கள் வீடுகளில் யாரும் துடைக்கமாட்டோம், தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். அதுவும் இது அவருடைய வலது கை கடைசியாக வைத்த பொட்டு. நான் எப்படித் துடைப்பேன்?

அவர் துடைத்தார். தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். அடியில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் குவளைப் படம், அதன் மூக்கில் ஒரு சொட்டு; எஞ்சினுக்கு எண்ணெய் போகவில்லை என்று சொல்கிற விளக்கு.

“ஐயய்யோ,” என்று சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அணைத்த பிறகுதான் புரிந்தது, இவ்வளவு நேரமும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்ததும் இப்போது அது நின்றிருப்பதும். எனக்கு அது குளிர்சாதனச் சத்தம். அவருக்கு அது எஞ்சினின் தலை. எண்ணெய் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் அதுதான். தொட்டியில் எண்ணெய் இல்லாமல் பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்தால், எண்ணெய் மேலே ஏறாது, தலைதான் முதலில் கத்தும். துணி காயப்போடும்போது இதையும் சொல்லியிருக்கிறார்.

முன்மூடியைத் திறந்து எண்ணெய் அளவுகோலை உருவினேன். நுனிகூட நனையவில்லை. குனிந்து பார்த்தால் தொட்டியின் அடி முழுக்கக் கறுப்பாகக் கசிந்திருந்தது. கோலா குபு பாருவில் எங்களுக்குத் தெரிந்த போமனுக்குப் போன் செய்தேன். வண்டி பழுது பார்ப்பவர், என் கணவருக்குப் பழக்கம்.

“ஸ்டார்ட் பண்ணிறாதீங்க அக்கா. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தீங்க, எஞ்சின் ஜாம். நான் இழுவை லோரியோட வரேன். நல்லவேளை, யாரு கண்டுபிடிச்சா?”

“உங்க அண்ணன்தான்.”

“அண்ணனா?” என்றார்.

கதவுகளைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சட்டை நனைந்திருந்தது. அவருடைய கட்டைவிரலில் குங்குமம். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

“நாங்க பேசறதெல்லாம் புரியுதா உங்களுக்கு?”

தலையாட்டினார்.

“இன்னிக்கு எங்க போறோம்னு தெரியுமா?”

பின் இருக்கையில் இருந்த பையின் பக்கம் கண்ணை ஓட்டிவிட்டு, மறுபடியும் தலையாட்டினார்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று சொன்னால் பொய். வெட்கம், பயம், எல்லாவற்றுக்கும் மேலே அலுப்பு. இனி இவரை எங்கேயும் விடமுடியாது என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நாளைக்கும் நான்தான் தூக்க வேண்டும். நாளன்றைக்கும் நான்தான்.

போன் அடித்தது. அண்ணி.

“எங்க இருக்கீங்க? அங்க காத்துக்கிட்டு இருக்காங்களாம்.”

“நாங்க வரல அண்ணி. வண்டி நின்னுபோச்சு.”

“அப்ப நாளைக்குப் போங்க.”

“நாளைக்கும் போவல. அவருக்கு எல்லாம் புரியுது அண்ணி. எப்பவுமே புரிஞ்சிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு.”

அண்ணி மெதுவாகக் கேட்டார்: “அப்ப... அன்னிக்குக் கட்டில் பக்கத்துல உக்காந்து நான் பேசுனது?”

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதையும் கேட்டாரு அண்ணி,” என்றேன். “நான் சொன்னதையும் கேட்டாரு.”