துலுக்காணத்தின் கழுகு றெக்கை

ஆந்திராவும் சென்னை ராஜ்யமும் எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று பேசித் தீர்ப்பதற்குள் நாகலாபுரத்துக் காலனியில் துலுக்காணத்துக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. தனக்குப் பட்டாவாகக் கிடைத்த நிலத்தின் கிணற்றுக்கு எஞ்சின் கேட்டு மனுப் போட்டான். ஊர் யாருக்கென்று முதலில் தெரியட்டும் என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னார்கள். இரு அரசுகளும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். பட்டா கொடுத்தவர்கள் மட்டும் தெளிவாக இருந்தார்கள்: முதல் வருஷமே விளைச்சல் இல்லையென்றால் நிலம் பறிபோகும்.

காற்றாடி கட்டி நீர் இறைத்துப் பார்த்தான். தட்டைப் பலகைகள் ஆடிக் காற்றுக்கு மட்டும் அசைந்தன.

ஊரில் செத்த மாட்டை இழுத்துப் போடும் கௌரவத்தைப் பெரியவர்கள் தாராள மனத்தோடு அவன் குடும்பத்துக்கே விட்டிருந்தார்கள். அங்கே வரும் பிணந்தின்னிக் கழுகுகள் றெக்கையை அடிக்காமலே வானத்தில் மிதப்பதைப் பார்த்துக்கினே நிற்பான். ஒருநாள் செத்துக் கிடந்த கழுகின் றெக்கையை விரித்தான். முன்விளிம்பு தடிப்பு, பின்விளிம்பு மெல்லிசு, நடுவில் கரண்டி முதுகு போல வளைவு. மூங்கிலை அப்படியே வளைத்துத் தகரம் அடித்தான். இளங்காற்றுக்கே காற்றாடி சுழன்றது. கேழ்வரகுக்குத் தண்ணீர் பாய்ந்தது.

ஊர்ப் பெரிய விவசாயி நாகபூஷணம் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கருடன் றெக்கைடா இது."

மறுநாளே மஞ்சள் துணி, மாலை, கற்பூரம் எல்லாம் வந்தன. சுற்றிலும் கயிறு கட்டி, காலனிக்காரர்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். மாலைகளின் பாரத்தில் காற்றாடி நின்றுபோனது.

"பூ பாரம் சாமி, காத்து தள்ளாது," என்றான் துலுக்காணம்.

"பக்தி இருந்தா தள்ளும்."

பயிர் தலை சாய்ந்தது.

"நீ இன்னாத்துக்கு அவங்ககிட்ட காத்தப் பத்திப் பேசிக்கினு இருக்க? தீட்டப் பத்திப் பேசு," என்று சொல்லிவிட்டு அவன் மனைவி சுந்தரம்மா கயிற்றருகே போனாள்.

"சாமி, அது கருடன் இல்ல. உங்க வூட்டு எருமை செத்துச்சே, அதைத் துன்ன கழுகு."

நாகபூஷணத்தின் கையில் கற்பூரத் தட்டு அப்படியே நின்றது.

"ஏண்டா, முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல சாமி."

பக்தர்கள் குளிக்க ஓடினார்கள். துலுக்காணம் ஏறி மாலைகளை அறுத்து வரப்போரம் எருவுக்குப் போட்டான். காற்றாடி சுழன்றது. கேழ்வரகு தப்பித்தது, பட்டாவும் தப்பித்தது.

அடுத்த மாதம் நாகபூஷணத்தின் பசு செத்தது. இழுத்துப் போட ஆள் அனுப்பினார்.

"கருடனக் கூப்பிட்டுக்கச் சொல்லு," என்று சுந்தரம்மா அவனைத் திருப்பி அனுப்பினாள்.

துலுக்காணம் மடை மாற்றிக்கொண்டிருந்தான்.