போனில் பார்த்த மூச்சு

போன் வழியாவே ஒருத்தரை நாற்காலியில உட்கார வச்சு எழுப்பி, எழுப்பி உட்கார வைக்கிறதுதான் என் பிழைப்பு. கௌரவமா சொன்னா பிசியோதெரபி. கோவிட்ல விழுந்து, தொண்டையில குழாய் போட்டுப் பிழைச்சு வீட்டுக்குப் போனவங்களுக்கு, மலேசியாவுல ஈப்போங்கிற ஊர்ல உட்கார்ந்துகிட்டு வாரம் ரெண்டு வகுப்பு எடுப்பேன். அப்பா அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு நெத்தியையும் கூரையையும் மட்டுமே பார்த்துப் பேசினவங்களுக்கு என் கஷ்டம் புரியும். உங்களுக்கு நெத்தி தெரிஞ்சா போதும். நான் அதை வச்சு நுரையீரலைக் கண்டுபிடிக்கணும்.

எண்பத்து நாலு

சரோஜா அக்கா கேமரன் மலையில ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள். வயசு நாப்பத்தெட்டு. பன்னண்டு நாள் மெஷின் மூச்சுல கிடந்து திரும்பி வந்தவங்க. முதல் வகுப்புல விரல்ல மாட்டுற கிளிப்பை மாட்டி, ஆக்சிஜன் எவ்வளவுன்னு படிக்கச் சொன்னேன். "எண்பத்து நாலு"ன்னாங்க, ஏதோ பஸ் நம்பர் சொல்ற மாதிரி. தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்க வேண்டியது. "அக்கா, உதடு நீலமா இருக்கா?"ன்னு கத்தினேன். படத்துக்குள்ள அவங்க வீட்டுக்காரர் தனபால் அண்ணன் தலை நுழைஞ்சது. உத்துப் பார்த்துட்டு, "சிவப்பா இருக்கு டாக்டர், வெத்தலை போட்டிருக்கா"ன்னார்.

அப்புறம்தான் புத்தி வந்துச்சு. மலைக் குளிர்ல விரல் சில்லுனு இருந்தா கிளிப்பு கண்டபடி காட்டும். சுடுதண்ணி பிளாஸ்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்காரச் சொன்னேன். அஞ்சு நிமிஷத்துல தொண்ணூத்தேழு. நான் நெத்தி வேர்வையைத் துடைக்கிறதைப் பார்த்துட்டு அக்கா கேட்டாங்க: "எனக்கு விரல்தான் குளுருது. அதுக்கு நீங்க ஏன் தம்பி நடுங்குறீங்க?"

மூணு

எங்க தொழில்ல ஒரு கேள்வி உண்டு. சும்மா இருக்கறது பூஜ்யம், இனிமே தாங்காதுங்கிறது பத்து, இப்ப உங்களுக்கு எவ்வளவு மூச்சு வாங்குது? அக்கா எப்பவும் மூணும்பாங்க. கையைத் தூக்கினா மூணு, எழுந்து உட்கார்ந்தா மூணு, ஒரு நாள் பேசவே முடியாம விரலை மட்டும் காட்டினாங்க, அதுவும் மூணு. எரிச்சல்ல, ஏன் இந்த மூணையே கட்டிக்கிட்டு அழறீங்கன்னு கேட்டுட்டேன். "மூணுன்னாதான் லா நீங்க திட்டுறதும் இல்ல, பயப்படுறதும் இல்ல."

கைப்பிடி

இவ்வளவு பொய் சொல்றதுக்குக் காரணம் இருந்துச்சு. அந்தத் தோட்டத்துல கொழுந்து வெட்டுறது ரெண்டு ஆள் மெஷின். செடி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர், நடுவுல பிளேடு. பதினோரு வருஷமா ஒரு கைப்பிடி தனபால் அண்ணன், இன்னொரு கைப்பிடி அக்கா. அக்காவுக்குக் காய்ச்சல் வந்ததும் தோட்டத்து மானேஜர் அவங்க கைப்பிடியை ஒரு புது ஆள் கிட்ட கொடுத்துட்டார். மாசக் கடைசிக்குள்ள உடம்பு தேறிட்டதா என்கிட்டேருந்து கடிதம் போகலைன்னா, அது அவனுக்கே நிரந்தரம். அக்காவுக்கு நாத்துப் பந்தல்ல பையில மண் நிரப்புற வேலைதான். "அவன் வெட்டுன வரிசையைப் பார்த்தீங்களா தம்பி? குடிகாரன் நடந்து போன மாதிரி இருக்கு"ன்னு வகுப்புக்கு வகுப்பு புலம்புவாங்க.

ஆனா நான் என்ன செய்ய? தேற வேண்டிய ஆள் வாராவாரம் மோசமா வந்து நின்னாங்க. போனைத் திறக்கும்போதே மேல்மூச்சு கீழ்மூச்சு. நாடித்துடிப்பு நூத்தி இருபத்தெட்டு. "இதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" "சும்மாதான் இருந்தேன்." சும்மா இருக்கும்போதே இப்படின்னா எனக்குப் பயம் வராதா? பயிற்சியைப் பாதியாக் குறைச்சேன், அப்புறம் அதிலயும் பாதி. கடைசியில, மலையில மெஷின் பிடிக்க இவங்களால ஆகாதுன்னு மானேஜருக்கு மெயில் அனுப்பிட்டு, தனபால் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சொன்னார்: "இதை அவகிட்ட நான் சொல்ல மாட்டேன் டாக்டர். நீங்க எழுதுனது, நீங்களே வந்து சொல்லுங்க."

சும்மா

போன்ல சொல்ல எனக்கு வாய் வரலை. அவங்களுக்கு வகுப்பு இருக்கிற வெள்ளிக்கிழமையா பார்த்து, சொல்லாம லீவு போட்டுட்டு, வளைவுக்கு வளைவு என்ன சொல்லலாம்னு ஒத்திகை பார்த்துக்கிட்டே கார்ல மலை ஏறினேன். தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்குப் போய்ச் சேர்ந்தப்ப மணி நாலாகப் போகுது. அக்கா கையில போனும் பிளாஸ்கும், கதவைப் பூட்டிக்கிட்டு இருந்தாங்க. "அட, தம்பியா! வாங்க வாங்க, உங்க வகுப்புக்குத்தான் கிளம்பிட்டேன்"ன்னாங்க. வகுப்புக்கு எங்கக்கா கிளம்புறதுன்னு கேட்டேன். "லயத்துல ஏது போன் லைன்? மேல தண்ணித் தொட்டிகிட்ட போனாத்தான் உங்க மூஞ்சி தெரியும்."

முன்னாடி நடந்தாங்க. தேயிலைக்கு நடுவுல மண்ணை வெட்டின படி, செங்குத்து. நான் ரெண்டு இடத்துல நின்னேன். அக்கா மூச்சு வாங்கிக்கிட்டே ஏறினாங்க, ஆனா நிக்கலை. உச்சியில நான் தொட்டிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்பதான் எல்லாம் விளங்குச்சு. குழாயை எடுத்து ரெண்டு மாசம்கூட ஆகாத ஒரு மனுஷி, வாரம் ரெண்டு தடவை இந்த மலையை ஏறி வந்து என் முன்னாடி நிக்கறாங்க. நான் அவங்களுக்குக் கையை மெதுவாத் தூக்கி இறக்கச் சொல்லிக் கொடுத்திருக்கேன்! வெட்கத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு. அரைமணி நேரம் அசையாம உட்கார வச்சு நாடி பிடிச்சேன். எண்பத்தாறு. நாற்காலி இல்லை, தண்ணிக் குழாய் மேல உட்கார்ந்து எழச் சொன்னேன். நான் கேட்ட கணக்குக்கு மேலயே எழுந்தாங்க.

கடிதத்தைப் பத்திச் சொன்னேன். மளுக்குனு கண்ணுல தண்ணி வந்துச்சு அவங்களுக்கு. "பின்னே ஏன்க்கா சும்மா இருந்தேன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டேன். முந்தானையால மூக்கைச் சிந்திட்டு என்னையே முறைச்சாங்க: "நடந்து வர்றதெல்லாம் ஒரு வேலையா தம்பி? அதை யாராச்சும் கணக்குல சேர்ப்பாங்களா?"

ஒரு வரிசை

மறுநாளே மானேஜரைக் கூப்பிட்டு, நான் எழுதினது தப்பு, என் தப்புன்னு சொன்னேன். "அன்னைக்கு ஆகாதுன்னீங்க, இன்னைக்கு ஆகும்ங்கிறீங்க, நாளைக்கு என்ன சொல்வீங்க?"ன்னார். நியாயம்தானே. கடைசியில, மாசக் கடைசியில எல்லார் முன்னாடியும் ஒரு வரிசை முழுக்க வெட்டிக் காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்னு இறங்கி வந்தார். பதினாறு நாள் இருந்துச்சு. அரிசிப் பையைத் தூக்கிக்கிட்டு நடக்க வச்சேன், அஞ்சு கிலோவுல ஆரம்பிச்சு. இந்தத் தடவை, எங்கேருந்து ஏறி வந்தீங்க, வந்து எவ்வளவு நேரமாச்சுன்னு கேட்காம ஒரு நம்பரையும் குறிக்கலை.

அந்தக் கடைசி நாள், தொட்டிக்குப் பக்கத்து வரிசை. போனை மானேஜரே பிடிச்சுக்கிட்டு நின்னார், அவர் கட்டைவிரல் பாதிப் படத்தை மறைச்சிடுச்சு. மீதிப் பாதியில அக்கா தெரிஞ்சாங்க. நடுவுல ஒரு இடத்துல மெஷின் நின்னுச்சு. போச்சுடான்னு நான் நாற்காலியை விட்டே எழுந்துட்டேன். நிறுத்தச் சொன்னது தனபால் அண்ணனாம், அவருக்கு செருப்பு கழண்டுடுச்சாம். திரும்ப ஓட்டினாங்க. வரிசை முடிஞ்சது. மானேஜர் வேலையை மேற்பார்க்கிற கங்காணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கங்காணி அந்தப் புது ஆளைக் கூப்பிட்டு வேற மெஷினுக்கு அனுப்பினார்.

"அக்கா, மூச்சு வாங்குதா? உட்காருங்க, விரல்ல கிளிப்பை மாட்டுங்க"ன்னு இங்கேருந்து கத்தினேன். அவங்க மானேஜர் கையிலேருந்து போனை வாங்கி முகத்துக்கு நேரா வச்சாங்க. முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு. "வாங்குது தம்பி, வேலை செஞ்சா மூச்சு வாங்கத்தான் செய்யும். போனை வைங்க, அடுத்த வரிசை காத்துக்கிட்டு இருக்கு."

எங்க தொழில்ல நோயாளி தேறிட்டாரான்னு தெரிஞ்சுக்கப் பெரிய பரிசோதனை எதுவும் வேண்டாம், நம்மகிட்ட பேச அவருக்கு நேரமில்லாமப் போனா போதும்.