மெசின் வந்த நாளில் பிரியந்தினி

பிரியந்தினிக்கு வலி தொடங்கியது காலையில், நெல் வெட்டும் மெசின் வயலில் இறங்கிய அதே நேரம். அவள் என் தம்பி சுகிர்தனின் பெண்சாதி. பசியோ காய்ச்சலோ, வேலை முடிந்த பிறகுதான் வாய் திறந்து சொல்வாள். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் எங்கள் ஊர்; எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு வேலிதான். நான் போனபோது குசினியில் மெசின்காரருக்குச் சமைத்துக்கொண்டு நின்றாள். வலி வந்தால் மேசையைப் பிடித்துக் குனிவாள். விட்டதும் கறியைக் கிளறுவாள்.

"ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடு பிள்ளை," என்றேன்.

"இது தொடக்க வலிதான் மச்சாள். மூத்தவளுக்கு ஒரு பகலும் இரவும் கிடந்தனான்தானே. இப்பவே போய் என்ன செய்யிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருத்துவமாது அனோஜா கிளினிக் வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னவள். முதல் பிள்ளைக்குத்தான் கருப்பையின் வாய் திறக்க நேரம் எடுக்கும், அடுத்தது கெதியாக வந்துவிடும், வலி நெருங்க முதலே வந்துவிட வேண்டும் என்று. பிரியந்தினியும் கேட்டவள்தான். ஆனால் அவளுக்குச் சுகிர்தன் சொல்வதுதான் வேதம். அவனோ அந்த வகுப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன்.

அவனுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, இப்ப விட்டா மெசின் அடுத்த வயலுக்குப் போயிடும். பின்னேரம் போவம். அவளுக்கு இழுபடும், எனக்குத் தெரியும்."

யாருடைய வயிறு, யாருக்குத் தெரியுமாம்!

விட்டு விட்டு வந்த வலி, பிறகு மூச்சு விடவும் இடம் கொடுக்காமல் வந்தது. பன்னீர்க்குடம் உடைந்து சீமெந்துத் தரை நனைந்த பிறகுதான் அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். ஊர்ப் பெடியன் தர்சனின் ஓட்டோவை நானே கூப்பிட்டு அவளை ஏற்றினேன். மாங்குளம் ஆஸ்பத்திரிக்குப் பாதி வழிகூடப் போகவில்லை.

"மச்சாள், முக்க வருது," என்று என் கையை இறுக்கினாள்.

தர்சன் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, மறுபக்கம் பார்த்து நின்றான். பிள்ளை என் கையில் வந்து விழுந்தது. அழவில்லை. சேலைத் தலைப்பால் துடைத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே தம்பியை நான் திட்டிய திட்டு கடவுளுக்குத்தான் கேட்டிருக்கும். பிறகு ஒருவழியாக அழுதது.

பின்னேரம் சுகிர்தன் வார்ட்டுக்கு வந்தான். தலையெல்லாம் நெல்தூசி, வாயெல்லாம் பல்.

"பாத்தியளே அக்கா, இந்த முறை லேசாப் போச்சு!"

நான் வாயைத் திறப்பதற்குள், அவனை எதிர்த்து ஒரு சொல் சொல்லியறியாத பிரியந்தினி கட்டிலில் கிடந்தபடியே கேட்டாள்:

"லேசோ கஷ்டமோ எண்டு, நீங்கள் எங்க நிண்டு பாத்தனீங்கள்?"