வாட்ச்மேன் வேஷத்தில் சந்துரு அங்கிள்

ஆள் வருவதற்கு முன்னாடியே குரல் வந்துவிடும்.

"குட் ஈவ்னிங், மை டியர் பீப்பிள்..."

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நாங்கள் ரிகர்சல் பார்த்த ஹாலின் மாடிப்படியில் சந்துரு அங்கிள் ஏறும்போதே கேட்கும். அடிவயிற்றில் கிளம்பி, மூக்கருகே கொஞ்சம் தங்கி, அவசரமே இல்லாமல் வெளியே வரும் குரல். தமிழைக்கூட ஊட்டி கான்வென்ட்டில் வளர்ந்தவர் மாதிரி பேசுவார். 'ர' வரும் இடங்களில் நாக்கு பட்டும் படாமலும் போகும். அவர் தண்ணீர் கேட்டால் வெள்ளித் தட்டில் வைத்துத்தான் கொடுக்கணும் போல இருக்கும்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. இப்போது செகண்ட் பி.யூ., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. நாலு வருஷத்துக்குள் நினைவலைகள் எழுத வந்துவிட்டாள் என்று சிரிக்காதீர்கள்...

எங்கள் நாடகக் குழுவில் அப்பா லைட்டும் மைக்கும் பார்ப்பார். நான் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். தமிழை வேகமாகப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் தமிழ் வசனத்தைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் பண்ணுவார்கள். அங்கிளும்தான்.

ஜட்ஜ், எஸ்டேட் முதலாளி, லண்டன் டாக்டர்... வருஷா வருஷம் அவருக்குப் பெரிய மனுஷன் வேஷம். வாயைத் திறந்தாலே கைதட்டல்.

ஆனால் அவர் பிறந்தது ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய ஒக்கலிபுரத்தில். அவருடைய அப்பா ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். பேங்க் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ரேடியோவில் இங்கிலீஷ் நியூஸ் கேட்டுக் கேட்டு அங்கிள் தானாக உண்டாக்கிக்கொண்ட குரல் அது. எங்களிடம் அதை மறைத்ததே இல்லை. "வீடு கட்டற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா கட்டினேம்மா" என்பார்.

தன் அப்பாவை அவர் நைனா என்று கூப்பிடுவார். நைனா ஒரே ஒரு நாடகம் பார்த்தார், அப்புறம் வரவே இல்லை. மேடையில் பேசுவது யாரோ வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம்.

அந்த வருஷம் நாடகத்தில் ஒரு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் இருந்தார். அந்த வேஷத்தை அங்கிள் கேட்டார். டைரக்டர் மூர்த்தி சார், உங்கள் வாய்ஸைக் கேட்கத்தானே சார் ஜனங்கள் வருகிறார்கள் என்று இழுத்தார். அங்கிள் வாதாடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நைனா பேசுகிற தமிழில் வசனத்தைச் சொன்னார்.

"உள்ள போறவங்க பேரு எல்லாம் எனக்குத் தெரியும் சாமி. என் பேரு இன்னான்னு ஒருத்தரும் கேட்டது இல்ல."

குரல் தணிந்து, லேசான கரகரப்போடு, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு... நான் கையிலிருந்த ஸ்கிரிப்டைப் பார்க்கவே மறந்துவிட்டேன். மூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேஷம் அங்கிளுக்குக் கிடைத்தது.

"நைனா வரேன்னுட்டார்மா" என்று என்னிடம் சொன்னபோது, அவர் முகம் பரீட்சைக்குக் கிளம்புகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

நாடகத்தன்று நைனா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என் இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தார்.

அங்கிள் காக்கி உடையில் வந்தார். கைதட்டல். பேச ஆரம்பித்தார்.

ஹாலே சிரித்தது.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் பெரிய மனுஷனாகவே கேட்டுப் பழகியவர்கள். அங்கிள் மிமிக்ரி பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். "சக்கத்தா பண்றார்யா, பிரமாதம்" என்று முன்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டினார். பேரு கேட்கிற வசனத்துக்கு விசிலே வந்தது. நைனா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார், இதில் என்ன சிரிப்பு என்று தேடுகிற மாதிரி.

அங்கிளும் அதைப் பார்த்தார்.

அடுத்த வசனம் வரவில்லை. மறந்துவிட்டாரோ என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். என் பக்கம் திரும்பாமலே லேசாகத் தலையசைத்தார். மறக்கவில்லை.

மிச்ச நாடகம் முழுவதையும் அந்தப் பெரிய மனுஷக் குரலிலேயே பேசி முடித்தார். காக்கி போட்ட ஜட்ஜ். சிரிப்பு நின்றுபோனது. கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மேக்கப் ரூமுக்கு நைனா வந்தார். அங்கிள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்லாத்தான் பேசினே கண்ணு. மொதல்ல பேசினது வேணாம் வுடு... அது நம்ம வூட்டோட இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அங்கிள் மேடை ஏறவில்லை. நைனா போன வருஷம் இறந்துபோனார். குழு இப்போது வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் சொல்வதோடு சரி.

போன வாரம் அம்மாவுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்க ஒரு கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். எடுத்தது அங்கிள் குரல், பதிவு செய்து வைத்தது. "ப்ளீஸ் ஸ்டே ஆன் த லைன்..." கேட்க இன்றைக்கும் கம்பீரமாகத்தான் இருக்கிறது. பெங்களூரில் எத்தனையோ பேர் தினமும் அதைக் கேட்கிறார்கள்.

அன்றைக்கு மேடையில் அவர் நைனாவின் தமிழில் சொல்லாமல் விட்ட வசனங்கள் எல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

என் வாயில் அது யாரோ பேசுகிற மாதிரித்தான் வருகிறது...