போணி நாற்காலி

எங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கைப்பக்கம் ஒரு முனகல் கேட்கும். என் மகன் அதில் உட்கார்ந்துதான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவான். அவன் ஒரு வரியை முடிப்பதற்குள் அது பலமுறை முனகிவிடும். அடுப்படியில் நின்றாலும் என் காது அங்கேதான் கிடக்கும்: எந்த எழுத்தில் நிற்கிறான், எந்தச் சொல்லை விழுங்குகிறான் என்று. அந்த நாற்காலி, கயத்தாறில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த பூச்சிமருந்துக் கடையிலிருந்து வந்தது. முதலாளி அண்ணாச்சி எனக்காகவே வாங்கியது. அந்தப் பிரியத்தை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அது என்னை உட்காரவைத்த இடத்தை நினைத்தால்தான் பதறுகிறது.

பத்தாவதோடு என் படிப்பு நின்றுபோனது. மிச்சமெல்லாம் கடைக்கு வந்த சனத்தின் வாயைப் பார்த்துக் கற்றதுதான். கரிசல்காட்டுச் சனம் மருந்து வாங்க வந்தால் மருந்தை மட்டுமா கேட்கும்? மழையை ஏசும், மருமகளை ஏசும். "அண்ணாச்சி, எங்காட்டுப் புழு ஒம்ம மருந்தக் குடிச்சிட்டு ஏப்பம் விடுதுய்யா" என்றார் ஒருவர். "ஏப்பம் வந்தா செரிச்சிருச்சின்னு அர்த்தம். இன்னும் ரெண்டு டப்பா எடுத்துட்டுப் போரும்" என்றார் அண்ணாச்சி. அவர் யாவாரி, ஆனாலும் அவர் சிரித்தால் கடையே சேர்ந்து சிரிக்கும்.

நான் உண்டாகியிருப்பது தெரிந்த அன்றைக்கே, "பிள்ளைத்தாச்சி கை ராசியான கையி. இனிமே நம்ம கடைப் போணி நீதான், தாயி" என்றுவிட்டார். அன்றன்றைய முதல் விற்பனைதான் போணி. காலையில் முதல் டப்பாவை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நின்றால் கால் வீங்கும் என்று நாற்காலி வாங்கினார். வெயில் படாத இடமாகப் பார்த்துப் போட்டார். கடையிலேயே குளிர்ச்சியான இடம், சரக்கு அடுக்கிய உள்ளறையின் வாசல். முதுகுக்குப் பின்னால் டப்பாக்களும் பொடி மூட்டைகளும் இருந்தன. அழுகின வெள்ளைப்பூண்டு மாதிரி ஒரு வாடை அங்கே எந்நேரமும் நின்றது. கசிந்த டப்பாவை அப்படியே கொடுக்கக் கூச்சப்பட்டு முந்தானையால் துடைத்துக் கொடுப்பேன். விவசாயம் பார்க்கிற சம்சாரிகளும் "அந்தப் பிள்ள வரட்டும், அது கையாலயே வாங்கிக்கிடுதோம்" என்று காத்துக் கிடப்பார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறந்த வீட்டில்கூட என்னை யாரும் அப்படி உட்காரவைத்ததில்லை.

கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போனபோது டாக்டரம்மா என் சேலைப் பக்கம் குனிந்து மூக்கைச் சுளித்தார். "இதென்னம்மா வாடை?" பெருமையாகச் சொன்னேன், போணிக் கதையையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. "உள்ள இருக்கிற பிள்ளைக்கு மூளை வளரணும், ஒடம்பு வளரணும்னா ஹார்மோன்தான் சேதி கொண்டுபோகணும். இந்த மருந்துகள்ல சிலது அந்தச் சேதியைக் கலைச்சுவிட்டுரும். கலைச்சாலும் ஒனக்கு வெளிய ஒண்ணுமே தெரியாது" என்றார். "என்ன ஆகும்?" என்றேன். "ஒண்ணும் ஆகாமலும் போகலாம். அதுக்காக அங்கயே உக்காந்திருப்பியா?" என்றார்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "முப்பது வருசமா இதுக்குள்ளதான கெடக்கேன். எனக்கென்ன, கொம்பா மொளச்சிருக்கு?" என்றார். "நீங்க வயித்துக்குள்ளயா இருக்கீய, அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் நாற்காலி தெருவுக்கு அந்தப் பக்கம், அவருடைய மச்சினன் பலசரக்குக் கடையில் கிடந்தது. எனக்கும் இனி அங்கேதான் வேலை. முதல் டப்பாவை அவரே எடுத்துக் கொடுத்தார். "ஒம்ம கையால வாங்கி என்னைக்குய்யா வெளஞ்சிருக்கு?" என்று சம்சாரிகள் கேலி பேசினார்கள். "அங்கன அந்தப் பிள்ளைக்கு நல்லாக் காத்து வருது" என்பார், அவ்வளவுதான். உண்மைக் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. மருந்து விற்கிற வாயால் எப்படிச் சொல்வார்?

மகன் பிறந்ததும் நாற்காலியை லோடு ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இவன் வயதுத் தெருப் பிள்ளைகளெல்லாம் வாயாடின பிறகும் இவனுக்குப் பேச்சு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சி வருவார். கடலைமிட்டாயை உயரப் பிடித்து, "ஏலே, இது பேரச் சொல்லு, தாரேன்" என்பார். இவன் கையை மட்டும் நீட்டுவான். காத்துப் பார்ப்பார், கொடுத்துவிடுவார். ஒருநாள் இவன் "முட்டா" என்றான். அண்ணாச்சி அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மருந்து வாடையால்தானா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் பேச்செடுத்ததில்லை. டாக்டர்களிடம் கேட்டேன். அதுதான் என்றும் சொல்ல முடியாதாம், இல்லை என்றும் சொல்ல முடியாதாம். தெரிந்துவிட்டால் அழுது தீர்த்துவிடலாம். தெரியாமல் இருப்பதுதான் உட்காரவிடாமல் அடிக்கிறது.

அண்ணாச்சி காலமாகிவிட்டார். கடையை இப்போது அவர் மகன் பார்க்கிறார். போன வாரம் காலையில் அந்த வழியாகப் போனேன். அதே உள்ளறை வாசலில், புது பிளாஸ்டிக் நாற்காலியில், அந்த மகனின் மனைவி உட்கார்ந்திருந்தது. வயிறு லேசாகத் தெரிந்தது. கையிலிருந்த டப்பாவை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தது. கடையைப் பார்த்து நடந்தேன்.

"வாங்கக்கா. அப்பா ஒங்கள உக்கார வச்ச மாதிரிதான். சனம் இன்னும் அதையே சொல்லுது" என்றார் அண்ணாச்சி மகன், மலர்ந்த முகத்தோடு. உட்காரவைத்ததை ஊர் மறக்கவில்லை. எழுப்பிவிட்டது ஏன் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கடை வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து வாங்கப் பின்னால் நின்றவர், "ஏத்தா, வெயிலேறுது, போணிய முடிக்கவிடு" என்றார். அண்ணாச்சி மகன் முகம் சுண்டியது. "அப்பா இதெல்லாம் சொல்லவே இல்லையே" என்றார். அந்தப் பெண் துடைப்பதை நிறுத்தியிருந்தது, எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வீட்டுப் பிரம்பு நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பலசரக்குக் கடை நிழலில் போட்டேன். யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்தில் சும்மா நின்றேன். அந்தப் பெண் புருஷனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு கையைக் கழுவிவிட்டுத் தெருவைத் தாண்டி வந்து உட்கார்ந்தது. நாற்காலி முனகியது. எதிரே அண்ணாச்சி மகன் முதல் டப்பாவைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகன் வீடு முழுக்கத் தேடினான்.

"அம்மா, என் நாற்காலி எங்க?"

"வேலைக்குப் போயிருக்குடா."

"எப்ப வரும்?"

"அந்தத் தெருவுல ஒரு பிள்ள பொறந்ததும்."

தரையில் கவிழ்ந்து படுத்து எழுத ஆரம்பித்தான். 'நாற்காலி'யை முழுசாகத்தான் சொன்னானா என்று என் காது மறுபடியும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.